நீ மட்டும் யோக்கியமா?

ஊர்ப் பஞ்சாயத்துகளில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு வாதம் உண்டு. "வரப்பை ஏன் வெட்டினாய்?" என்று கேட்டால், "போன வருஷம் அவன் என் மாட்டை அடித்தானே, அதை யாராவது கேட்டீர்களா?" என்று பதில் வரும். கூட்டம் மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும். வரப்பு மறந்து போகும்.

அமெரிக்க அரசியலில் இதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 'ஆப்போசிஷன் ரிசர்ச்' என்று கௌரவமான பெயரும் உண்டு. ஒரு வேட்பாளர் சபையில் எப்படி வாக்களித்தார், முன்பு என்ன பேசினார் என்று தேடுவதில் தவறில்லை. வாக்காளனுக்கு அது தேவையும்கூட. நான் சொல்ல வருவது இதன் இன்னொரு உபயோகத்தை: தன் தலைவர் வசமாக மாட்டிக்கொண்டபின், கேள்வி கேட்பவரின் பழைய வண்டவாளத்தைத் தோண்டுவது.

வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ரகசிய ஆவணங்களை டேனியல் எல்ஸ்பெர்க் 1971-இல் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். போர் பற்றி அரசு மக்களிடம் பொய் சொன்னதா என்பதுதான் கேள்வி. நிக்சனின் ஆட்கள் அதற்குப் பதில் தேடவில்லை. எல்ஸ்பெர்க்கின் பெயரைக் கெடுக்க ஏதாவது கிடைக்காதா என்று, அந்த செப்டம்பரில் பெவர்லி ஹில்ஸில் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைத்துப் புகுந்தார்கள். உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. 1973-இல் விஷயம் வெளிவந்தபோது எல்ஸ்பெர்க் மீதான வழக்கே தள்ளுபடியானது. நிக்சனின் முக்கிய உதவியாளர் ஜான் எர்லிக்மன் சிறை சென்றார்.

அடுத்தது 1998, மோனிகா லெவின்ஸ்கி விவகாரம். கிளிண்டன் மீதான விசாரணையை நடத்தவிருந்த நீதிக் குழுவின் தலைவர் ஹென்றி ஹைடுக்கு 1960-களில் இருந்த கள்ளத் தொடர்பை, வேறு பத்திரிகைகள் தொட மறுத்த நிலையில், சலோன் இணைய இதழ் செப்டம்பரில் வெளியிட்டது. வெள்ளை மாளிகை தனக்கு இதைத் தரவில்லை என்றும் சொன்னது. ஹைடு அதை 'இளமைக்காலத் தவறு' என்றார். அப்போது அவர் வயது 40-ஐத் தாண்டியிருந்தது! அக்டோபரில் ஹஸ்ட்லர் பத்திரிகை அதிபர் லாரி ஃப்ளிண்ட், காங்கிரஸ் உறுப்பினர்களின் கள்ளத் தொடர்புகளுக்கு ஆதாரம் தருபவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் வரை சன்மானம் என்று வாஷிங்டன் போஸ்டில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். சபாநாயகராகப் பதவியேற்கவிருந்த பாப் லிவிங்ஸ்டன் அதில் சிக்கினார். டிசம்பர் 19 அன்று, கிளிண்டன் மீதான கண்டனத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய அதே நாளில், அவர் விலகுவதாக அறிவித்தார்.

2019 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. டிரம்பை விமர்சிக்கும் நாளிதழ்கள், தொலைக்காட்சிகளில் வேலை செய்பவர்கள் பல வருடங்களுக்கு முன் சமூக வலைத்தளங்களில் எழுதியவற்றை, டிரம்ப் ஆதரவாளர்களான சிலர் தேடித் தொகுத்து வருகிறார்கள் என்றது அந்தச் செய்தி. வெள்ளை மாளிகை தனக்குச் சம்பந்தமில்லை என்றது. ஆனால் டைம்ஸ் ஆசிரியர் ஒருவர் கல்லூரி நாட்களில் எழுதிய யூத வெறுப்பு வரிகள் அதற்குள் வெளியாகி, அவர் மன்னிப்பும் கேட்டிருந்தார். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனிதனைக் கடித்த கதையாக, அரசியல்வாதிகளில் தொடங்கியது பத்திரிகை அலுவலகத்தின் கடைநிலை வரை வந்துவிட்டது.

மென்பொருள் துறையில் இருப்பதால் எனக்கு இதில் முதலில் கண்ணில் படுவது செலவுக் கணக்கு. 1971-இல் பூட்டை உடைக்க வேண்டியிருந்தது. உடைத்தவர்கள் கம்பி எண்ணினார்கள். 1998-இல் பத்து லட்சம் டாலர் ஆசை காட்ட வேண்டியிருந்தது. 2019-இல் பெயரையும் நாலு வசைச் சொற்களையும் தேடல் பெட்டியில் தட்டினால் போதும். உடைக்கப் பூட்டும் இல்லை, தண்டிக்கச் சட்டமும் இல்லை. எல்லோரும் தங்கள் இருபது வயதை வாசலிலேயே போட்டு வைத்திருக்கிறோம்.

"வெளியில் வந்தது உண்மைதானே? யார் சொன்னால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறுப்பை எழுதியவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தத் தோண்டுதலின் நோக்கம் உண்மை அல்ல என்பதற்கு 1998-இன் தொடர்ச்சியே சாட்சி.

லிவிங்ஸ்டன் விலகிய இடத்துக்கு, 'குறை சொல்ல முடியாதவர்' என்று நம்பப்பட்ட டென்னிஸ் ஹாஸ்டர்ட் வந்தார். 1999 முதல் 2007 வரை சபாநாயகர். அரசியலுக்கு வருமுன் இல்லினாய்ஸில் பள்ளி ஆசிரியராகவும் மல்யுத்தப் பயிற்சியாளராகவும் இருந்தபோது மாணவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியவர் என்பது, வாயடைக்கக் கொடுத்த பணம் தொடர்பான வங்கி வழக்கில்தான் 2015-இல் வெளிவரத் தொடங்கியது. 2016-இல் அவருக்குக் கிடைத்தது 15 மாதச் சிறை, அதுவும் வங்கிக் குற்றத்துக்கு. மற்றதற்குக் காலக்கெடு முடிந்துவிட்டிருந்தது. வாஷிங்டனின் படுக்கையறைகளை எல்லாம் துழாவிய அந்தப் பருவத்தில் இது யார் கையிலும் அகப்படவில்லை. கிளிண்டனின் கள்ளத் தொடர்புக்கு எதிர்க்கட்சியில் ஈடான கள்ளத் தொடர்புகளைத் தேடினார்கள்; அதுதான் கிடைத்தது.

பத்திரிகையாளர் ஒரு தவறை உறுதி செய்ததும் வெளியிடுகிறார். இவர்கள் பெட்டியில் வைத்துப் பூட்டி, தேவைப்படும் நாளில் திறக்கிறார்கள். 2019-இல் வெளியிட்டது கொஞ்சம், கையிருப்பில் உள்ளது அதிகம் என்றுதான் சொல்லப்பட்டது. வெளியிடாமல் வைத்திருப்பதில்தான் மிரட்டலே இருக்கிறது. அடுத்த கேள்வியைக் கேட்குமுன் ஓர் இளம் நிருபர் தன் பழைய பதிவுகளை ஒருமுறை நினைத்துப் பார்ப்பார். சில கேள்விகள் கேட்கப்படாமலே போகும்.

"எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி" என்று நாம் அலுத்துப் பத்திரிகையை மடித்து வைத்தால், இவர்கள் வாங்கிய கூலிக்கு வேலை முடிந்தது. மாட்டை அடித்தவனையும் விசாரிப்போம், அவன் முறை வரும்போது. அதற்குமுன் வரப்பை வெட்டியது யார் என்று தெரிந்தாக வேண்டும்.