அரங்கம் மட்டும் போதுமா?

கொஞ்ச நாள் முன்னாடி நண்பர்களோடு ஈ.சி.ஆர். பக்கம் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன். பாட்டெல்லாம் அருமை. ஆனால் இன்றைக்கு யாராவது அதைப் பற்றிக் கேட்டால் ஞாபகம் வருவது பாட்டு இல்லை. ராத்திரி பதினொன்றரை மணிக்கு பஸ், ஆட்டோ எதுவும் கிடைக்காமல் நடந்த மூன்று கிலோமீட்டர்தான். கடைசியில் ஏறிய ஆட்டோவுக்குக் கொடுத்தது டிக்கெட் விலையில் பாதி!

இது என் ஒருத்தன் புலம்பல் இல்லை. 2023 செப்டம்பர் 10-ம் தேதி பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரியை மறந்திருக்க மாட்டீர்கள். டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள் எத்தனை பேர்! 2025 பிப்ரவரி 5-ம் தேதி எட் ஷீரன் பாடியதோ நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில். மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

'சென்னைக்கு உலகத்தரத்தில் ஒரு மாநாட்டு மையம் வேண்டும்' என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. 2023-ல் அறிவித்த கலைஞர் பன்னாட்டு மாநாட்டு மையத்துக்குத் தேர்வான இடம் முட்டுக்காடு. ஊருக்குள் அவ்வளவு பெரிய நிலம் கிடைக்காது, நியாயம்தான். மாநாட்டுக்கு வருகிறவர்கள் ஹோட்டலில் தங்கி காரில் வந்துவிடுவார்கள். ஆனால் அங்கே பாட்டுக் கச்சேரி நடந்தால் வியாசர்பாடியிலிருந்தும் ஆவடியிலிருந்தும் வருகிற என்னைப் போன்றவர்கள் திரும்பிப் போவது எப்படி? அங்கே மெட்ரோ கிடையாதே!

பி.காம். படிக்கிறவன் என்பதால் ஒரு சின்னக் கணக்கு. அரங்கத்தின் காலி நாளை குடோனில் அடுக்கி வைத்து நாளைக்கு விற்க முடியாது. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் பராமரிப்பு, காவல், சம்பளம் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே, சாதாரண ஜனங்கள் வந்து போக முடியாத அரங்கம் அவர்களுக்கு மட்டும் நஷ்டமில்லை, கட்டியவர்களுக்கும்தான்.

வழி இல்லாமல் இல்லை. 2025 ஐ.பி.எல்.லில் சேப்பாக்கம் ஆட்டங்களுக்கு மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் இலவசமாகப் போய் வர முடிந்தது. கிரிக்கெட்டுக்கு முடிந்தது கச்சேரிக்கு முடியாதா? மெட்ரோ இல்லாத இடத்தில், டிக்கெட் விலையிலேயே திரும்பும் பஸ்ஸையும் சேர்த்துவிடலாம். கடைசி பஸ் கிளம்பும் நேரம் தெரியாமல் எந்த நிகழ்ச்சிக்கும் அனுமதி தரக்கூடாது என்பேன்.

அரங்கத்தின் அளவை எத்தனை நாற்காலி என்று மட்டும் சொல்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வீட்டுக்குக் கிளம்ப முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பி.கு: அன்றைக்கு என்னோடு நடந்த நண்பன் இப்போது கச்சேரி என்றாலே யூடியூப் போதும் என்கிறான் :-)