எலியை மட்டும் குற்றம் சொல்லலாமா?

மழைக்காலம் பிறந்துவிட்டால் செய்தித்தாள்களில் 'எலிக்காய்ச்சல்' என்ற சொல் தலைகாட்டத் தொடங்கும். லெப்டோஸ்பைரோசிஸ் என்ற நீண்ட பெயர் நம் வாயில் எளிதில் நுழையாது. எலிக்காய்ச்சல் என்பது சுருக்கமாக இருக்கிறது. குற்றவாளி யார் என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறது. ஆனால் மாணவ நண்பர்களே, இந்தப் பெயர் நமக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்திருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு பெயருக்காக இவ்வளவு சண்டையா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எலியின் மீது குற்றம் சாட்டப்பட்டது காரணமில்லாமல் அல்ல. 1886-ஆம் ஆண்டில் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வைல், காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வரும் ஒரு நோயை விவரித்து எழுதினார். காரணம் தெரியவில்லை. ஜப்பானின் கியூஷு தீவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களையும் இதே நோய் வாட்டியது. அங்கே இனாடா, இடோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நோயாளியின் ரத்தத்தைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்து, 1915-இல் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதே கிருமி எலிகளின் சிறுநீரகத்தில் குடியிருப்பதையும் ஜப்பானிய ஆராய்ச்சி காட்டிவிட்டது. அன்று முதல் எலிதான் எதிரி.

இந்தக் கிருமி பார்ப்பதற்கு விந்தையானது. திருகுபோல் சுருண்ட மெல்லிய இழை. அதன் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான். சாதாரண நுண்ணோக்கியில் இது தெரியாது. இருள்புல நுண்ணோக்கியில், கரிய பின்னணியில் நெளியும் வெள்ளி நூலாகத் தெரியும். இதன் முனை கொக்கிபோல் வளைந்து கேள்விக்குறி மாதிரி இருப்பதால், லத்தீன் மொழியில் 'கேள்வி கேட்பது' என்ற பொருளில் இன்டெரோகன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர்! நம்மிடம் அது கேட்க வேண்டிய கேள்விகள் உண்மையிலேயே நிறைய இருக்கின்றன.

முதல் கேள்வி: எலியில் மட்டுமா அது வாழ்கிறது? இல்லை. மாடு, எருமை, பன்றி, ஆடு, நாய் என்று பாலூட்டிகள் பலவற்றின் சிறுநீரக நுண்குழாய்களில் அது குடியேறுகிறது. நோயுண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமிகளில் 250-க்கும் மேற்பட்ட உள்வகைகள் அறியப்பட்டுள்ளன. ஒவ்வோர் உள்வகைக்கும் விருப்பமான வீடு ஒன்று உண்டு. இக்டெரோஹெமரேஜியே எலிக்கு உரியது. கேனிகோலா நாய்க்கு உரியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய பொமோனா, பெரும்பாலும் பன்றியில் காணப்படுவது. ஹார்ட்ஜோ என்னும் வகை மாட்டைத் தன் நிரந்தர வீடாக்கிக்கொண்டது.

ஹார்ட்ஜோ தொற்றிய பசு படுத்துக்கொள்வதில்லை. புல் மேய்கிறது, அசை போடுகிறது. சில நாள் பால் திடீரென்று குறையலாம். சில சமயம் சினை கலைந்துபோகலாம். சினை பிடிக்காமல் போகலாம். விவசாயி அதைத் தன் தலைவிதி என்று எண்ணி விட்டுவிடுவார். ஆனால் அந்தப் பசு பல மாதங்கள் வரை சிறுநீரில் கிருமியைக் கழித்துக்கொண்டே இருக்கும். ஓர் எலி ஒரு நாளில் கழிப்பது சில மில்லி லிட்டர். ஒரு கறவை மாடு 10 லிட்டருக்கும் மேல் கழிக்கும். எலியின் சிறுநீரில் கிருமிகள் அதிகச் செறிவாக இருக்கக்கூடும் என்பதால், அளவை மட்டும் வைத்து ஆபத்தைக் கணக்கிட முடியாதுதான். எனினும் மாட்டை நாம் அறவே மறந்துவிட்டோம் என்பதே என் குறை. அமிலம் இந்தக் கிருமிக்கு ஆகாது. புல் தின்னும் விலங்குகளின் சிறுநீரோ காரத்தன்மை உடையது, கிருமிக்கு வசதியானது. எலி மூத்திரம் என்றால் முகம் சுளிக்கும் நாம், அப்போதே பிடித்த கோமியத்தை வெறுங்கையால் தெளிக்கத் தயங்குவதில்லையே!

மாட்டை மறக்காத ஒரு நாட்டின் கதையைச் சொல்கிறேன். நியூசிலாந்தில் மனிதரைவிட மாடும் ஆடும் அதிகம். அங்கே 1952-இல் ரான் ஷார்ப் என்ற விவசாயி புதுமாதிரியான பால் கறக்கும் கொட்டகை ஒன்றை அமைத்தார். மீன் முள்ளைப்போல் மாடுகள் இருபுறமும் சாய்வாக நிற்கும்; கறப்பவர் நடுவே உள்ள பள்ளத்தில் நின்றபடி வேலை செய்வார். குனிய வேண்டாம், நேரமும் மிச்சம். நாடெங்கும் இந்த முறை பரவியது. ஆனால் பள்ளத்தில் நிற்பவரின் முகம் மாட்டின் மடிக்கு நேராக அல்லவா இருக்கும்? மாடு சிறுநீர் கழித்தால் கண்ணிலும் வாயிலும் தெறிக்கும். 1970-களில் அங்கே பால் பண்ணைக் காய்ச்சல் என்றே இதை அழைக்கும் அளவுக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள்.

அங்குள்ள கால்நடை ஆராய்ச்சியாளர்கள் மாடுகளின் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்தார்கள். ஹார்ட்ஜோவும் பொமோனாவுமே முக்கிய வகைகள் என்று தெரிந்தது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த இரண்டுக்கும் எதிரான தடுப்பூசியைக் கறவை மாடுகளுக்குப் பரவலாகப் போடத் தொடங்கினார்கள். ஊசி மாட்டுக்கு, பயன் மனிதனுக்கு! பண்ணைத் தொழிலாளரிடையே நோய் வெகுவாகக் குறைந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஏற்கெனவே சிறுநீரகத்தில் குடியேறிவிட்ட கிருமியை ஊசி விரட்டாது. எனவே கன்றுப் பருவத்திலேயே, தொற்று வருவதற்கு முன்பே போட வேண்டும்.

அத்துடன் கதை முடியவில்லை என்பதுதான் சுவையான செய்தி. பால் மாடுகளில் நோய் அடங்கியபோது, தடுப்பூசி அவ்வளவாகப் போடப்படாத இறைச்சி மாடுகளிடமிருந்தும் செம்மறி ஆடுகளிடமிருந்தும் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கு நோய் வந்தது. பின்னர் தடுப்பூசி போட்ட பால் மந்தைகளிலேயே, அந்த ஊசியில் இடம்பெறாத வேறோர் உள்வகை சிறுநீரில் வெளிவருவதையும் கண்டார்கள். கண்காணிப்பை நிறுத்தியிருந்தால் இது தெரியவந்திருக்காது.

அப்படியானால் அந்த ஊசியை நாமும் வாங்கிப் போட்டால் போதாதா? போதாது. ஓர் உள்வகைக்கு எதிரான ஊசி இன்னொன்றை அவ்வளவாகத் தடுக்காது. நம் மாடுகளில், நம் எருமைகளில் எந்தெந்த வகைகள் இருக்கின்றன என்பதை நம் ஊர்த் தொழுவங்களில்தான் தேட வேண்டும். அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பல பாக்டீரியாக்கள் ஒரே இரவில் தட்டில் வளர்ந்து நிற்கும். லெப்டோஸ்பைரா சுமார் 30 டிகிரி வெப்பத்தில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும். ரத்தப் பரிசோதனை செய்யவும் உயிருள்ள கிருமிகளை வகை வகையாக வளர்த்து வைத்திருக்க வேண்டும். அந்தத் தொகுப்பில் இல்லாத உள்வகை மாட்டின் உடலில் இருந்தால் சோதனையில் அது நழுவிவிடக்கூடும். இப்படிப்பட்ட வேலைக்குப் பேரும் புகழும் எளிதில் வருவதில்லை. அதனால் பணமும் எளிதில் வருவதில்லை.

நம் நாட்டில் யாரும் எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1988 முதல் வடக்கு அந்தமானில் உள்ள டிக்லிப்பூர் பகுதியில், மழைக்குப் பின் நுரையீரலில் ரத்தம் கசியும் ஒரு கொடிய காய்ச்சல் வந்தது. அதற்கு அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயரிட்டார்கள். அது லெப்டோஸ்பைரோசிஸ்தான் என்பது 1993-இல் தெளிவாயிற்று. அதன்பின் போர்ட் பிளேரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி மையம் இத்துறையில் பெயர் பெற்றது. சென்னை மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகமும் இந்நோயை ஆராய்ந்து வருகிறது. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் நோய் பெருகியபோது, மீட்புப் பணியில் இறங்கியவர்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் இவற்றில் பெரும்பகுதி, மனிதன் நோயுற்ற பிறகோ நோய் நெருங்கிய பிறகோ செய்யும் வேலை. 2019-இல் மைய அரசு தொடங்கிய பெரிய கால்நடைத் தடுப்பூசித் திட்டத்தில் கோமாரிக்கு இடம் கிடைத்தது. கன்று வீச்சு நோய் எனப்படும் புரூசெல்லோசிஸுக்கும் கிடைத்தது. எலிக்காய்ச்சலுக்குக் கிடைக்கவில்லை. மாட்டுக்கு எதற்கு எலிக்காய்ச்சல் ஊசி என்று எவரேனும் கேட்டால், பெயர் செய்த தீமை அதுதான்!

'மனிதருக்கே மருந்து போதவில்லை, மாட்டுக்கு ஊசியா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மால்டா தீவின் ஆடுகளை நினைவூட்டலாம். அங்கிருந்த பிரிட்டிஷ் படைவீரர்களை ஒரு விடாக் காய்ச்சல் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. 1887-இல் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் அது எங்கிருந்து வருகிறது என்பது புரியவில்லை. 1905-இல் தெமிஸ்டாக்ளிஸ் சாமிட், நலமாகத் தோன்றிய ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். விடை கிடைத்துவிட்டது. 1906-இல் வீரர்களுக்கு ஆட்டுப் பாலை நிறுத்தியவுடன் காய்ச்சல் சரிந்தது. இடையில் கழிந்த 18 ஆண்டுகளும் நோயாளியை மட்டுமே பார்த்த ஆண்டுகள்.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேர் லெப்டோஸ்பைரோசிஸால் நோயுற்று, ஏறத்தாழ 59,000 பேர் இறக்கிறார்கள் என்று 2015-இல் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது. இவர்களில் பெரும்பாலோர் சேற்றில் இறங்கி வேலை செய்பவர்கள், விலங்குகளோடு வாழ்பவர்கள். எலியை ஒழிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயலிலும் நகரச் சாக்கடையிலும் அதன் பங்கு பெரியது. ஆனால் மனித மருத்துவர் ஒரு கட்டடத்திலும் கால்நடை மருத்துவர் வேறொரு கட்டடத்திலும் அமர்ந்து, ஒருவர் குறிப்பேட்டை மற்றவர் பாராமல் இருப்பது இனியும் சரியல்ல. ஒரு பண்ணையில் பசுக்கள் தொடர்ந்து சினை கலைத்தால் அந்தச் செய்தி அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மாடு கறப்பவர் காய்ச்சலோடு வந்தால் அந்தச் செய்தி கால்நடை மருந்தகத்துக்குப் போக வேண்டும்.

உங்கள் வீட்டில் மாடு இருந்தால் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. கைகால்களில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொழுவத்தைக் கழுவ நேர்ந்தால் காயத்தை மூடிக்கொள்ளுங்கள். காலுக்குச் செருப்போ பூட்சோ அணியுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விழுந்த நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுக்க யாரையும் விடாதீர்கள். கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்து மருத்துவரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் 'எங்கள் வீட்டில் மாடு இருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். முதல் சில நாட்களிலேயே தொடங்கினால் பெனிசிலினும் டாக்சிசைக்ளினும் நன்றாக வேலை செய்யும்.