முழங்கால் சிகிச்சைக்குப்பின் யார் நடப்பர்?

முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சைக்குப்பின் யார் விரைவில் நடப்பர், யார் தடுமாறுவர் என்பதை எக்ஸ்ரே படத்தைக்கொண்டு மட்டும் கூறிவிட இயலாது. தொடையின் முன்புறத் தசை முதல் மாதத்தில் தன் வலுவில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடுகிறது. முன்னரே வலுக் குன்றியவருக்கு இவ்விழப்புப் பெருந்தடையாகும்.

1991-ல் வெளியான சோதனை ஒன்று மிக எளிது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர எத்தனை விநாடி ஆகிறதென்று பார்ப்பதே அது. கடிகாரமும் அளவு நாடாவும் போதும். 2003-ல் ஆஸ்திரேலியாவில் ஓல்ட்மெடோ குழுவினர் வெளியிட்ட வினாப் பட்டியலோ வயது, பால், நடக்கும் தூரம், ஊன்றுகோல், வெளியுதவி, வீட்டில் உடனிருப்பவர் என்னும் ஆறினைக் கேட்டு, 12 மதிப்பெண் வரை அளிக்கிறது. 6-க்குக் குறைந்தோருக்கு நீண்ட பயிற்சி தேவைப்படலாம்.

ஆனால் அப்பட்டியல் மாடிப்படியைக் கேட்பதில்லை. குந்தும் கழிப்பிடத்தையும் கேட்பதில்லை. பெங்களூர்க் காக்ஸ் டவுனில் மாடிக் குடித்தனத்தில் வாழும் மூதாட்டிக்கு இவையன்றோ முதல் வாரத்துச் சோதனைகள்! அயலூர்ச் சட்டையை அளவு பாராமல் அணிவிப்பது பொருந்தாது.

குறைந்த மதிப்பெண்ணைக் காட்டிச் சிகிச்சையை மறுப்பதும் தவறு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது நலிந்தோரை ஒதுக்குவதற்கன்று. அத்தகையோருக்குச் சில வாரம் முன்பே தசைப் பயிற்சி தொடங்கவேண்டும். களப்பணியாளர் வீட்டிற்குச் சென்று படிகளை எண்ணி, உயர்ந்த கழிப்பிட இருக்கைக்கும் பிடிகம்பிக்கும் ஏற்பாடு செய்தல் வேண்டும்.