மருந்துக் கணக்கும் மறைவுச் சுவடியும்

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று கேட்பதோடு, அது உடம்பில் எதைப் பிடித்து வேலை செய்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பது நம் ஜனங்களுக்கு இன்னும் வழக்கமாகவில்லை. கேட்டால் "பரம்பரை ரகசியம்" என்று பதில் வரும். அதற்குமேலும் கேட்பவன் அதிகப்பிரசங்கி ஆகிவிடுகிறான்.

ஆஸ்பிரின் சங்கதியை எடுத்துக் கொள்வோம். 1897-ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியார் அதைச் செய்தார்கள். உலகமெல்லாம் அதை விழுங்கிற்று. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது, 1971-ல் ஜான் வேன் என்கிற ஆங்கிலேயர் ஆராய்ந்து சொன்ன பிறகுதான் விளங்கிற்று. வலியையும் காய்ச்சலையும் கிளப்பிவிடும் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருளை உண்டாக்குகிற ஒரு நொதியை ஆஸ்பிரின் முடக்கிவிடுகிறது. அந்தப் பொருளேதான் இரைப்பையின் உட்சுவரையும் காத்து வருகிறது. ஆகவே, தலைவலியைத் தீர்க்கிற மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குவானேன் என்ற கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்துவிட்டது. இதற்குக் கிரகமும் வேண்டியதில்லை, கர்மமும் வேண்டியதில்லை.

இன்ன பொருள் உடம்பின் இன்ன புரதத்தைப் பிடிக்கிறது, எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது, அதை எந்த ஆராய்ச்சியில் கண்டார்கள் என்கிற கணக்குகளை இன்று இணையத்தில் எவரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்க சர்க்கார் 2004-ல் தொடங்கிய பப்கெம் என்பதில் 10 கோடிக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. கேம்பிரிட்ஜுக்கு அருகில் உள்ள ஐரோப்பிய நிலையம் 2009 முதல் கெம்பிள் என்பதை நடத்தி வருகிறது. கெம்பிளின் ஆதிக் கணக்குகள் ஒரு தனிக் கம்பெனியின் சொத்தாக இருந்தவை. வெல்கம் அறக்கட்டளை பணம் கொடுத்ததால் அவை பொதுவுக்கு வந்தன.

இதையும் சும்மா விட்டுவிடவில்லை. 2005-ல் அமெரிக்க இரசாயன சங்கத்தார், தாங்கள் காசுக்கு விற்றுவரும் பட்டியலுக்குப் பப்கெம் போட்டியாகிறது என்று கூச்சலிட்டு, அதைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று சட்டசபையாரை நெருக்கிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. அறிவுக்குப் பூட்டுப் போடும் புத்தி பூணூலுக்கு மாத்திரம் சொந்தமல்ல போலும்!

நிற்க, நம் நாட்டு யோக்கியதை என்ன? சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தார் 2018-ல் இம்பாட் என்ற மூலிகைக் கணக்கை வெளியிட்டார்கள். அது இப்போது 4,010 செடிகள், 17,967 பொருள்கள் என்ற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் மத்திய சர்க்கார் 2001-ல் தொடங்கிய பாரம்பரிய அறிவு நூலகத்தின் கதை வேறு. தமிழ்ச் சித்த நூல்களில் உள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து பாஷைகளில் பெயர்த்து, வெளிநாட்டுப் பேடண்ட் ஆபீசுகளுக்குக் காட்டினார்கள். நமக்கு மட்டும் கதவு சாத்தியே இருந்தது. 2022 ஆகஸ்டில்தான் மற்றவர்களுக்கும் திறக்க மந்திரி சபை சம்மதித்தது. அதுவும் சந்தா கட்டினால்! திருடர் பயம் என்கிறார்கள். பயம் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் ஊரறிந்த சங்கதிக்குப் பேடண்ட் கிடையாது என்பதுதானே சட்டம்? அப்படியானால் ஊரறியச் செய்வதைவிடப் பெரிய காவல் எது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கணக்கில் பெயர் இருப்பதாலேயே ஒன்று மருந்தாகிவிடாது. 2020-ல் கொரோனா காலத்தில், இன்ன மூலிகைச் சத்து அந்தக் கிருமியின் புரதத்தில் பொருந்துகிறது என்று கணினியில் போட்டுப் பார்த்த படங்களைக் காட்டியே, நோய்க்கு மருந்து கண்டுவிட்டதாகப் பலர் பேசினார்கள். பூட்டில் சாவி நுழையும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினால் கதவு திறந்துவிடுமா? கண்ணாடிக் குழாயிலும், மிருகத்திலும், பிறகு மனிதரிடத்திலும் சோதித்தாக வேண்டாமா?

ஆகவே, சகல நோய்க்கும் ஒரே சூரணம் என்று இனி எவராவது வந்தால், அதில் சேர்ந்துள்ள செடிகளின் பெயரை மாத்திரம் கேளுங்கள். தரமணிக் கணக்கில் தேடிப் பார்க்கச் சந்தா எதுவும் கிடையாது.