மலையில் கொதிக்குது காரு!

அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி பழைய காரை வாங்கி, ஃப்ரெண்ட்ஸோட சேலத்துல இருந்து ஏற்காடு கிளம்பியாச்சு. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. பாதிகூட தாண்டலை... டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு எகிறுது. என்ன பண்ணுவீங்க பாஸ்?

ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. 'தண்ணி ஊத்தலாம்டா'னு ஒருத்தன் ரேடியேட்டர் மூடியில கை வைப்பான். தடுத்துடுங்க! உள்ளே பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தம். திறந்தா கொதிநீர் முகத்துல அடிக்கும். நல்லா ஆறட்டும்.

இப்போ கொஞ்சம் துப்பறியலாமா? டிராஃபிக்ல நிக்கிறப்ப சூடாகி, வண்டி ஓடினா முள் இறங்குதா? ஃபேன் மேல சந்தேகப்படுங்க. ஃபேன் சுத்துது, ஒழுகலும் இல்லை, ஆனா மேடு ஏறினாலோ வேகமா போனாலோ சூடாகுதா? ரேடியேட்டர் அடைப்பா இருக்கலாம். ஆறின பிறகு மூடியைத் திறந்தா துருத்தண்ணியும் வெள்ளைப் படிவும் தெரியுதா? சந்தேகம் இன்னும் பலமாகுது!

குற்றவாளி யார்? பெரும்பாலும் நாமதான்! காசை மிச்சம் பிடிக்க போர் தண்ணியை ஊத்துறோம். அதிலுள்ள உப்பு மெல்லிய குழாய்களுக்குள்ளே படிஞ்சு வழியை அடைச்சிடும். வெளியில பூச்சியும் சேறும் ஒட்டினா காத்தும் போகாது.

மெக்கானிக்கிடம் சுத்தம் செஞ்சு, கூலன்ட்டோட டிஸ்டில்டு வாட்டரைக் கலந்து ஊத்தச் சொல்லுங்க. 'பார்த்துக்கலாம்'னு ஓட்டினா ஹெட் கேஸ்கட் போயிடும். அப்புறம் எகிறப்போறது அப்பாவோட டெம்பரேச்சர்!