காற்றும் சாட்சியமும்

2022ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. கலகத்தாலன்று, காற்றுக் கெட்டதால். வங்கக் கடற் புயலையொட்டிய காற்றோட்டம் இந்தியப் பெருநிலத்தின் மாசினை எம்மீது கொணர்ந்ததென நிபுணர் கூறினர். பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்தது. வயலில் நின்ற கமக்காரனுக்கு அதனை அளித்தவர் யார்?

2017இல் ஐரோப்பியர் ஏவிய சென்ரினல்-5பி என்னும் செய்மதி, நாள்தோறும் நண்பகல் கடந்தபின் எமது வானத்தைத் தாண்டுகின்றது. நைதரசனீரொட்சைட்டு முதலிய வாயுக்களை அது அளக்கின்றது. அவ்வளவுகளை எவரும் இலவசமாகப் பெறலாம். இக்கொடையை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் சாட்சியின் எல்லையை அறிவது எமது தொழில். செய்மதி காண்பது நிலந்தொட்டு வான்வரை நிற்கும் காற்றுத் தூணை; நாம் சுவாசிப்பதோ அதன் அடியிலுள்ள சில முழத்தை. மாரிமுகில் மூடினால் அதன் கண்ணும் மூடும்.

ஆகவே தரையிலும் அளவுகருவிகள் வேண்டும். அதனினும் முக்கியமாக, அந்நாட்களில் இழுப்பு நோயுடன் வந்தோர் எத்தனை பேர், எவ்வூரார் என்பதை வைத்தியசாலைகள் பெயர் நீக்கி வெளியிடல் வேண்டும். அதுவின்றிக் கமக்காரன் தனக்கு நேர்ந்த தீங்கை எந்த மன்றில் நிறுவுவான்?

2008ஆம் ஆண்டு விதி, கனமீற்றருக்கு 25 மைக்கிரோகிராம் நுண்துகளை ஆண்டுச் சராசரியாக அனுமதித்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் கூறிய எல்லை 5. இப்பெரும் இடைவெளிக்குள் எமது மக்கள் மூச்சு விடுகின்றனர். அடுத்த மாரிக்கு முன்னரேனும் அப்பதிவேடுகளைத் திறக்குமாறு சுகாதார அதிகாரிகளைக் கேட்கின்றோம்.