ஒட்டுப் போடுதல் இழிவா?

கிழிந்ததைத் தைத்து உடுத்துபவன் ஏழை, கிழிந்ததை எறிந்து புதியது வாங்குபவன் செல்வன் என்னும் எண்ணம் நகர வாழ்வில் ஆழ வேரூன்றிவிட்டது. சட்டையில் தொடங்கிய இந்த நோய் செருப்புக்கு இறங்கியது, குடைக்குப் பரவியது, இன்று காரின் கூரை வரையில் ஏறி அமர்ந்திருக்கிறது. துணிக்கூரை பூண்ட கார் ஒன்றில் விரல் நீளக் கிழிசல் கண்டால் போதும், கூரை முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய கூரை போடவேண்டும் என்ற தீர்ப்பு உடனே பிறந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பு அறிவின்பாற்பட்டதா, அன்றி அறிவின் சோம்பலா என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

கூரையை மடக்கிப் பின்னே வைத்துக்கொள்ளும் கார்கள் நெடுநாளாக உலகில் உண்டு. ஜெர்மனியின் ஒஸ்னாபுரூக் நகரில் கார்மன் தொழிற்சாலை 1949 முதல் 1980 வரையில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வோல்க்ஸ்வேகன் வண்டுக் கார்களைத் துணிக்கூரையுடன் கட்டியது. 1989இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்னும் சிறிய காரை வெளியிட்டு இந்த வகைக்குப் புத்துயிர் அளித்தது. இத்தகைய கார்கள் சிங்கப்பூர், மலேசியச் சாலைகளிலும் ஓடுகின்றன. ஆனால் இங்குள்ள வானம் துணிக்கு நண்பன் அன்று. சிங்கப்பூரில் சராசரியாக ஆண்டுக்கு 171 நாள்கள் மழை பெய்கிறது. பெய்யும் மழையின் அளவோ 2,100 மில்லிமீட்டருக்கும் மேல். மழை ஓய்ந்த பொழுதெல்லாம் நடுக்கோட்டு வெயில். நனைவதும் காய்வதுமாகத் துணி படும் பாடு சிறிதன்று. ஆகவே கிழிசல் தோன்றுவதில் வியப்பில்லை. கிழிசல் கண்டவுடன் காரணம் கேட்காமல் தீர்ப்பு எழுதுவதுதான் வியப்பு.

எங்கே கிழிந்தது? ஏன் கிழிந்தது? இந்த இரண்டு கேள்விகளையும் கேளாத பட்டறைக்காரர், நாடி பிடித்துப் பாராமல் அறுவைக்கு நாள் குறிக்கும் மருத்துவரை ஒத்தவர். அவர் சொல்லுக்குத் தலையாட்டும் உரிமையாளரும் குற்றத்தில் பங்காளியே.

கூரைத்துணி ஒற்றைத் துணி அன்று. நல்ல துணிக்கூரை மூன்று படலங்களால் ஆனது. வெயிலைத் தாங்க மேலே அக்ரிலிக் நெசவு. நீரைத் தடுக்க நடுவே ரப்பர்ப் படலம். உள்ளே மற்றொரு துணி. வேறு சில கூரைகள் வினைல் பூசிய துணியால் ஆனவை. மேல்நெசவு சிறிது தேய்ந்தால் கூரை செத்துவிட்டதாகப் பொருளில்லை. நடுப்படலம் உயிரோடிருக்கும் வரையில் கூரையும் உயிரோடிருக்கிறது. இந்த உண்மையை அறியாதவர்க்கு நிறம் மங்கிய கூரையெல்லாம் பிணமாகத் தோன்றும்.

இனிக் கிழிசலின் காரணங்களைக் காண்போர், அவை பெரும்பாலும் துணிக்கு வெளியே இருப்பதை அறிவர். கூரையைத் தாங்கும் வளைவுக் கம்பிகள் ஒவ்வொரு முறை மடங்கும்போதும் அதே இடத்தில் துணியை உரசுகின்றன. மடக்கும்போது துணியை உள்ளே இழுத்து ஒதுக்குவதற்குச் சில கார்களில் இலாஸ்டிக் பட்டைகள் உண்டு. அவை தளர்ந்துவிட்டால் துணி ஒதுங்காமல் கம்பிகளின் மூட்டுக்குள் சிக்கும்; கத்தரிக்கோலின் வாயில் அகப்பட்டதுபோல் வெட்டுப்படும். வடிகால் துளைகளை இலைச்சருகு அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி ஓரத் தையல்கள் ஊறிப்போகும். அழுத்தமாகப் பீச்சும் நீரும், முரட்டுத் தூரிகையும், கடுஞ்சவர்க்காரமும் துணியின் நீர்விலக்கும் தன்மையை அழிக்கும்.

இப்போது சிந்திக்கவேண்டும். இலாஸ்டிக் பட்டை தளர்ந்ததால் கிழிந்த கூரையை எறிந்துவிட்டு, பட்டையைத் தொடாமலே புதிய கூரை போட்டால் என்ன ஆகும்? புதிய துணியும் அதே மூட்டில் சிக்கி அதே இடத்தில் கிழியும். பெருந்தொகை கொடுத்து வாங்கியது புதிய கூரை அன்று. பழைய கிழிசலின் மறுபதிப்பு! சிறு பட்டையை மாற்றி, கிழிசலை ஒட்டியிருந்தால் தீர்ந்திருக்கும் குறை, முழுக்கூரையை மாற்றியும் தீரவில்லை. பழுதுபார்ப்பவன் காரணத்தைத் தேடியாக வேண்டும். தேடாவிடில் அவன் போட்ட ஒட்டு அவனையே காட்டிக்கொடுக்கும். முழுவதையும் மாற்றுபவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இங்கேதான் பழுதுபார்த்தல் அறிவுத்தொழிலாக உயர்கிறது. மாற்றுதல் வெறும் வாணிகமாகத் தாழ்கிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. கூரைகள் பலவற்றில் முதலில் அழிவது துணி அன்று, நூலே. மெல்லிய நூல் வெயிலில் உலுத்து, இழுத்தால் பொடியாகும் நிலைக்கு வந்துவிடும். அப்போது இரண்டு துணிகள் சேருமிடம் பிளந்து வாய் திறக்கும். பார்ப்பவர் அதனைக் கிழிசல் என்பர். அது கிழிசல் அன்று; தையல் விட்டது. துணி நலமாக இருக்க, நூல் மட்டும் மாண்டிருக்கிறது. வெயிலைத் தாங்கும் நூல் கொண்டு, வளைந்த ஊசியால், பழைய துளைகளின் வழியாகவே மீண்டும் தைத்து, தையல் மேல் நீர் புகாப் பசை தடவினால் வேலை முடிந்தது. பழைய துளைகளின் வழியாக என்பது கைத்திறனின் நுட்பம்: புதிய துளைகள் இட்டால் அஞ்சல்தலைத் தாளைப்போல் துணி அவ்வரிசையிலேயே பிய்ந்துபோகும். இவ்வளவு எளிய மருந்து இருக்க, நூல் செய்த பிழைக்குத் துணியைத் தூக்கிலிடுவது எந்த நீதி?

துணியே கிழிந்திருந்தாலும் வழியில்லாமற் போகவில்லை. கிழிசலின் சுற்றுப்புறத்தை அழுக்கும் மெழுகும் போகத் துடைத்து உலரவிட வேண்டும். கூரையின் இழுவிசையைத் தளர்த்தி, கிழிந்த விளிம்புகளை இழையோடு இழை சேர வைக்கவேண்டும். அதே வகைத் துணியில், கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலான ஒட்டை வெட்டி, மூலைகளை வட்டமாக்க வேண்டும். கூரான மூலை முதலில் உரியும். ரப்பர்ப் பசையை இரு பக்கமும் மெல்லத் தடவி, சற்றே உலர்ந்தபின் உட்புறமாக வைத்து அழுத்தி, ஒரு நாள் முழுவதும் கூரையை மடக்காமல் விடவேண்டும். உள்விரிப்பு உள்ள கூரையில் முதலில் விரிப்பின் ஓரத்தைப் பிரிக்கும் வேலையும் சேரும். இதற்கு வேண்டுவன பொறுமையும் தூய்மையும் கைப்பழக்கமுமே.

பின்சாளரத்தின் கதையும் இதுவே. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரின் பின்சாளரம் மென்பிளாஸ்டிக்கால் ஆனது. கூரையை மடக்குமுன் அதன் ஜிப்பைத் திறந்து சாளரத்தைத் தட்டையாகக் கிடத்தவேண்டும். அவ்வாறு செய்யாது மடக்கியவர்களின் சாளரம் மடிப்பில் வெண்கோடு விழுந்து வெடித்தது. 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அந்த நிறுவனமே கண்ணாடிச் சாளரம் வைத்தது. பழைய காரில் வெடித்த சாளரத்தை மட்டும் பிரித்துப் புதிய பிளாஸ்டிக் தைக்க இயலும். சாளரம் உடைந்தது என்று வீட்டையே இடிப்பார் உண்டோ?

இவற்றுக்கு மறுப்புரைப்போர் உண்டு. ஒட்டுப் போட்ட கூரை ஆபத்தானது என்பர் ஒரு சாரார். இத்தகைய காரின் வலிமை அடித்தளத்திலும் பக்கச் சட்டங்களிலும் முன்கண்ணாடியின் சட்டத்திலும் இருக்கிறது. துணி மழையைத் தடுக்கும் ஆடையே அன்றிப் பாரம் தாங்கும் தூண் அன்று. நல்ல ஒட்டினால் அந்த வலிமை எள்ளளவும் குறையாது. சிங்கப்பூரில் 1990 முதல் காருக்குப் பத்தாண்டு உரிமைச் சான்றிதழ்தானே, அதனைப் பழுதுபார்த்து என்ன பயன் என்பர் மற்றொரு சாரார். அவர்கள் வாதம் அவர்களையே வெட்டுகிறது. இன்னும் மூன்றாண்டே ஓடப்போகும் காருக்கு நெடுங்காலம் உழைக்கும் புதுக்கூரை எதற்கு? மலேசியாவிலோ தனியார் கார்களுக்கு அத்தகைய பத்தாண்டு வரம்பு இல்லை. அங்கே நீண்ட நாள் ஓடும் காருக்குப் பழுதுபார்க்கும் கை மேலும் தேவை. ஒட்டு அழகைக் கெடுக்கும் என்பர் மூன்றாம் சாரார். உட்புறம் வைத்த ஒட்டை வெளியே தேடிக் காணவேண்டும். கண்டால்தான் என்ன? கிழித்தவன் வெட்கப்படலாம், தைத்தவன் ஏன் வெட்கப்படவேண்டும்?

ஆயினும் உண்மைக்கு இரு பக்கமும் உண்டு. ரப்பர்ப் படலம் பொடிந்து, கூரையெங்கும் நீர் கசியுமானால், கிழிசலின் விளிம்பை மெல்ல இழுத்தாலே துணி காகிதம்போல் பிரியுமானால், வினைல் நெடுகிலும் வெடித்திருக்குமானால், அக்கூரை தன் கடமையை முடித்துவிட்டது. அதற்கு ஒட்டுப் போடுவது இறந்தவர்க்கு மருந்தூட்டுவது. அங்கே மாற்றுதலே அறம். இழித்தற்குரியது மாற்றுதல் அன்று, ஆராயாது மாற்றுதலே.

பழுதுபார்த்தலுக்குக் கெட்ட பெயர் தேடித்தந்த அரைகுறைகளையும் கண்டிக்காமல் விடலாகாது. கிழிசலின் மேல் ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டுவோர் இருக்கின்றனர். வெயிலில் அதன் பிசின் உருகித் துணியில் படிந்து, பின்னால் வரும் நல்ல ஒட்டையும் பிடிக்கவிடாது. நொடியில் இறுகும் பசையை ஊற்றுவோரும் இருக்கின்றனர். அது கல்லாக இறுகும். கூரை மடங்கும்போது அதன் விளிம்பிலேயே புதிய கிழிசல் பிறக்கும். இவர்கள் செய்வது பழுதுபார்த்தல் அன்று, பழுதை மறைத்தல். மறைப்பவனைக் காட்டி மருத்துவனைப் பழிப்பது முறையாகாது.

கார் கூரையைப் பற்றிய இச்செய்தி தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் எதற்கு என்று வினவலாம். பழுதுபார்க்கும் மரபு தமிழ்க் கல்விக்குப் புதியதன்று. உ.வே. சாமிநாதையர் செல்லரித்த ஏடுகளைக் கண்டு, சிதைந்தன என்று எறிந்திருந்தால் 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியிருக்குமா? பல ஏடுகளை ஒப்பிட்டு, எங்கே சிதைந்தது, எவ்வாறு சிதைந்தது என்று தேடி, இழையோடு இழை சேர்த்தார். அவர் ஏட்டுக்குச் செய்ததைத் தையற்காரர் துணிக்குச் செய்கிறார். முன்னதைப் போற்றி, பின்னதைக் கைத்தொழில் என்று தாழ்த்துவது எந்த நடுநிலை? தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவனிடம், உனக்குப் பட்டறைதான் கதி என்று சொல்லும் ஆசிரியர், பட்டறையையும் பழிக்கிறார், மாணவனையும் பழிக்கிறார். அந்த மாணவனும் ஒரு கிழிசலோடு வந்தவனே. எங்கே, ஏன் என்று கேளாமல் அவனை ஒதுக்குவதும், விரல் நீளக் கிழிசலுக்காகக் கூரையை எறிவதும் ஒரே மனப்பான்மையின் இரு முகங்கள்.

நூல் என்னும் சொல்லை விளக்கும் நன்னூற் பாயிரம் நூற்கும் நூலையும் உவமை சொல்கிறது. மரத்தின் கோணல் தீர்க்கும் நூலையும் உவமை சொல்கிறது. ஏட்டையும் இழையையும் ஒரே சொல்லால் அழைத்த மொழிக்கு உரியவர்கள், தைக்கும் கையை இழிவாகக் கருதுதல் தகாது. ஒட்டுப் போடுதல் இழிவன்று. ஏன் கிழிந்தது என்று கேளாதிருத்தலே இழிவு.